ஏந்தாத மடி

ஊருக்கெல்லாம் பிள்ளை வரம் கொடுக்கிறவர் என் வீட்டுக்காரர். எனக்கு மட்டும் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது, வருஷா வருஷம் இவர், கோதண்டபாணிதான் அர்ச்சுனன். விரதமிருந்து, அர்ச்சுனன் தவத்துக்கென்று நட்ட உயரமான தபசு மரத்தில் படிக்கொரு பாட்டுப் பாடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு கீழே உட்கார்ந்து மடியில் ஏந்துவார்கள். அவர்களில் சிலர் மறுவருஷம் குழந்தையோடு வந்து அவர் காலில் விழுவார்கள். இவர் மீசையைத் தடவிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டு, "உங்ககிட்ட கொறை இல்ல, வீட்டுக்காரரையும் கூட்டினு வாங்க" என்றார். வந்து இவரிடம் சொன்னேன்.

"அர்ச்சுனன் வேஷம் கட்றவன் அங்க போயி டப்பாவைப் புடிச்சிக்கினு வரிசையில நிக்கணுமா? ஊரு இன்னா பேசும்?"

கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அவ்வளவு உயர மரத்தில் ஏறுகிறவருக்கு ஆஸ்பத்திரிப் படியேறக் கால் வரவில்லை.

இந்த வருஷம் தபசுக்கு முன்னால், பாரதக் கதை சொல்லும் பிரசங்கியார் வெங்கடாசலம் மைக்கைப் பிடித்தார். "அர்ச்சுனன் தவத்தைக் கெடுக்கப் பன்னி வந்துச்சே, அது எங்கியோ காட்டுல கீதுன்னு நெனைக்காதீங்க. நம்ம மனசுக்குள்ளதான் மேஞ்சிக்கினு கீது. அதைத்தான் மொதல்ல அடிக்கணும்."

வேஷத்தோடு உட்கார்ந்திருந்த அர்ச்சுனன் பெரிதாகத் தலையாட்டினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் வீட்டுப் பன்றிக்கு வீம்பு என்று பெயர். மூன்று வேளையும் அதற்குச் சோறு போடுகிறவள் நான்தான்.

நானும் ஈரப்புடவையோடு மரத்தடியில் உட்கார்ந்தேன். உச்சிக்குப் போனவர் முதல் பழத்தை என்னைப் பார்த்தே வீசினார். நான் மடியை விரிக்கவில்லை. பழம் முழங்காலில் பட்டுச் சேற்றில் உருண்டது.

"அய்யோ, ஏந்துக்கா!" என்று பக்கத்திலிருந்த வேணி பதறினாள்.

இன்னொரு பழம் வந்தது. அதையும் விட்டேன். மேலே பாட்டு நின்றுபோனது.

"அம்சா, மடியைப் புடி!"

எழுந்து நின்றேன். அம்மன் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு அங்கருந்தே சொல்லுங்க. அப்புறம் ஏந்துறேன்."

ஊரே அண்ணாந்து பார்த்தது. கோபத்தில் இறங்கி வந்து அறைவார் என்றுதான் நினைத்தேன். அவர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பயமா கீது அம்சா. கொறை என்கிட்டன்னு சொல்லிட்டா, நீ என்னை விட்டுட்டுப் பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

மெதுவாகத்தான் சொன்னார். நெஞ்சில் மாட்டியிருந்த மைக் அதை எல்லா ஒலிபெருக்கியிலும் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

பாவி மனிதன்! ராத்திரியெல்லாம் பக்கத்தில் படுத்திருந்தவளிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இவருக்கு மர உச்சி வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நான் எங்க போவேன்? காலைல மொத பஸ்ஸுல ரெண்டு பேரும் போறோம். இப்பப் போடுங்க" என்று முந்தானையை விரித்தேன்.