அப்பா ஜாடை

ஓடப்போகிற தங்கையின் ஸ்பைக்ஸ் ஷூவைப் பிளாஸ்டர் மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைப்பது எந்த அக்காவும் செய்கிற காரியமில்லை. பெரியவள் செய்தாள். பல் செட்டு செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு, ஷூவை ஒரு பையில் சுற்றி மாவுக்குள் அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் வீட்டுக்குப் போனாள். மறுநாள் நான்கு மணிக்கு நானூறு மீட்டர் தேர்வு ஓட்டம். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வராமல் சின்னவள் அதில் ஓடக்கூடாது.

விஷயம் இதுதான். அப்பா நாற்பத்தொரு வயதில், தொழிற்சாலை விளையாட்டு விழாவில், முதல் ஆளாக வந்து கோட்டைத் தாண்டி அங்கேயே விழுந்தார். இருபது வருஷமாக அதைத் தலையெழுத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் அத்தை மயங்கி விழுந்து, அவள் மார்புக்குள் ஒரு கருவியை வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. இதயச் சுவரைத் தடிக்க வைக்கிற மரபணுக் கோளாறு ஒன்று அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. அப்பாவையும் அதுதான் கொண்டுபோயிருக்க வேண்டும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள்.

பாதிக்குப் பாதி என்பதெல்லாம் டாக்டர்களுக்கு. வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சின்னவள் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். அதே மூக்கு, அதே நெட்டைக் கால், அதே ஓட்டம். நின்ற இடத்தில் நிற்கமாட்டாள். தெருவில் அவளுக்கு ஸ்பிரிங் என்றுதான் பெயர். பெரியவள் அம்மாவின் அச்சு. இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். சோம்பேறி என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பரிசோதனைக்குச் சின்னவள் ரத்தம் கொடுக்கப் போன அன்று, கூடப் போன பெரியவளிடம், நீங்களும் கொடுத்துவிடுங்கள் என்றாள் நர்ஸ்.

"எனக்கு எதுக்கு சிஸ்டர்? நான் பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்ல," என்றாள் பெரியவள். வந்தது வந்தோம் என்றுதான் கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது தங்கை மூச்சு விடுவதை எண்ணினாள். ஒரு கடைவாய்ப் பல்லை உயரமாகச் செய்துவிட்டாள், அது இரண்டு தடவை திரும்பி வந்தது. பல்லுக்குத் தகுந்த வாயையும் நீயே செய்து கொடுத்துவிடேன் என்றார் முதலாளி. ஆஸ்பத்திரிக்கு அவள் போன் செய்தால், ஹலோ சொல்வதற்குள்ளேயே இன்னும் வரவில்லை என்று பதில் வந்தது.

ரிசல்ட் வராமல் ஓடமாட்டேன் என்று சின்னவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வியாழனன்றும் வராமல் போகவே வாக்கைத் தூக்கிப் போட்டாள். "ஒம்பது வருஷம் இந்த ஒரு நாளுக்காகத்தான்க்கா ஓடினேன். போனா போகட்டும், டிராக்குலயே போகட்டும்."

பெரியவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் ஷூவை எடுத்தது.

சனிக்கிழமை காலை சின்னவள் வீட்டைத் தலைகீழாக்கித் தேடினாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவள் கால் நீளத்துக்கு இன்னொருத்தியின் ஷூ சேராது என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டரை மணிக்கு, பெரியவள் பட்டறையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். டாக்டரம்மா முன்னால் இரண்டு தாள்கள் இருந்தன.

"தங்கச்சிக்கு இல்லம்மா. தாராளமா ஓடட்டும்."

பெரியவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்தபடியே எழுந்தாள். டப்பா, ஷூ, பஸ் என்று மனசு முன்னால் போய்விட்டது.

"உக்காருங்க," என்றார் டாக்டர். "உங்களுக்கு இருக்கு."

"நான் அம்மா ஜாடை, டாக்டர்." என்றாள் பெரியவள், நின்றபடியே.

"முகம் ஒரு வழியில வரும், இது வேற வழியில வரும். ஓடற காலோட சேர்ந்துதான் வரணும்னு இல்ல." மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார். வேடிக்கை பார்த்த அந்த மூன்று இடங்களும் அவளுக்கு நினைவு வந்தன. கோளாறு இருப்பதாலேயே நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, திங்களன்று இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்போம், அதுவரை ஓடக்கூடாது, எதையும் அவசரமாகச் செய்யக்கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

அப்போது மணி மூன்று பத்து. பட்டறைக்குத் திரும்பி, மாவுக்குள் கையை விட்டு ஷூவை எடுத்து, பஸ் பிடித்து, மைதான வாசலில் இறங்கியபோது மூன்று நாற்பத்தைந்து. வாசலிலிருந்து டிராக் வரை ஒரு நீண்ட மண்பாதை. நானூறு மீட்டர்க்காரர்களை ஒலிபெருக்கி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து ஓடாதவளுக்கு அன்றைக்கு ஓடவேண்டும்போல் இருந்தது. கால் துடித்தது. ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓர் அடி, இன்னோர் அடி என்று நடந்தாள். பயமாக இருந்தது. தங்கைக்கு இல்லை என்ற சந்தோஷம் அந்தப் பயத்தோடு கூடவே நடந்து வந்தது.

தூரத்திலேயே பார்த்துவிட்டுச் சின்னவள் வெறுங்காலோடு பறந்து வந்தாள்.

"ஓடலாமா?"

"ஓடலாம். உனக்கு ஒண்ணுமே இல்ல."

அக்காவை மாவோடு மாவாகக் கட்டிக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டே முறைத்தாள். "உயிர் போற அவசரத்துல ஆடி அசைஞ்சு வர்றியே. கொஞ்சம் ஓடி வந்தா என்னவாம்?"

பெரியவள் குனிந்து தங்கையின் முழங்காலில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"நான் அம்மா ஜாடைடி. எனக்கு எங்க ஓட வரும்?"

துப்பாக்கி வெடித்தது. கடைசி வளைவில் சின்னவள் முன்னுக்கு வந்தபோது கேலரியே எழுந்து நின்றது. பெரியவள் மட்டும் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பார்த்தாள்.