நாலு எண்ணிக் கை தூக்கியவர்

மன்றத்து மேடையின் இடப்பக்கச் சுவரில் அந்தப் பெட்டியை மாட்டிய நாளிலிருந்து நாலு பேருக்கு நிம்மதி போயிற்று. பார்க்கச் சாதுவான பெட்டிதான், ஒரு டிபன் டப்பா அளவு. முகப்பில் சத்தத்தின் அளவைக் காட்டும் எண், அதன் கீழே மூன்று விளக்குகள். சத்தம் அளவோடு இருந்தால் பச்சை, எல்லையை நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. சிவப்பு விடாமல் ஐந்து விநாடி எரிந்தால் மேடையின் மின்சாரம் நின்றுவிடும். அப்புறம் மன்றத்து மேலாளர் வந்து சாவி போட்டுத் திருப்பினால்தான் உயிர் வரும். அக்கம்பக்கத்தாரின் அமைதியும் மேடையில் நிற்பவர்களின் காதும் கெடக்கூடாது என்று புது விதி. மூன்று முறை மின்சாரம் நின்றால் அந்தக் குழுவுக்கு ஒரு வருஷம் மன்றம் கிடையாது என்றும் விதியில் இருந்தது.

வாயைத் திறக்காமல் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கவனித்துவிட்டுத் திடீரென்று வேலையைக் காட்டுகிறதே என்று மருந்துக்கடைக்காரர் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

குழு என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடைக்காரர் பாடுவார். கணக்கு டீச்சர் கிடார் வாசிப்பார். பஸ் டிரைவர் பேஸ் கிடார். லிஃப்ட் மெக்கானிக் ட்ரம்ஸ். மெக்கானிக்கின் மனைவிக்கு டிரைவர் கூடப்பிறந்த தம்பி. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூடி ஐந்தரை வரை வாசிப்பார்கள். இருபத்தாறு வருஷமாக அவர்களை யாரும் வாசிக்கச் சொல்லிக் கெஞ்சியதும் இல்லை, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியதும் இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள், மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆறு பாட்டு. அந்த ஆறு பாட்டுக்காகத்தான் மனுஷன் மற்ற நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறார் என்று மெக்கானிக்கின் மனைவி சொல்வாள். அதில் மிகை அதிகமில்லை.

பெட்டி வந்த முதல் சனிக்கிழமையே, இரண்டாவது பாட்டில் மின்சாரம் நின்றது. கிடார்கள் இரண்டும் ஊமையாயின. மைக் போய், மருந்துக்கடைக்காரரின் குரல் கடைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆயிற்று. ட்ரம்ஸுக்கு மின்சாரம் எதற்கு? மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு வரி நீளத்துக்கு அடித்துத் தள்ளினார். கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் திரும்பி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் மறுபடியும் நின்றது. ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. இனி ஒரே ஒரு தடவைதான் மிச்சம்.

"பெட்டி சரியில்ல," என்றார் மெக்கானிக்.

அவர் தொழில் அப்படி. எரிகிற விளக்கை நம்பாதே, நீயே அளந்து பார் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரும் இருபது வருஷமாக அதை எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிக் கழுத்தறுத்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை கம்பெனியின் சத்தமானியைக் கேட்டு வாங்கி வந்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு வைத்தார்.

"ஒவ்வொருத்தரா வாசிங்க. இன்னிக்கு இந்த மாமியாரோட வண்டவாளத்தத் தண்டவாளத்துல ஏத்திடுறேன்."

டீச்சர் தனியாக வாசித்தார், பச்சை. மருந்துக்கடைக்காரர் அடிவயிற்றிலிருந்து பாடினார், அதற்கும் பச்சை. டிரைவர் வாசித்தபோது மஞ்சள் ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டுப் போயிற்று. சத்தமானியில் வந்த எண்ணும் பெட்டியில் ஓடிய எண்ணும் ஒன்றுக்கொன்று இம்மி பிசகவில்லை. கடைசியாக மெக்கானிக் குச்சியை எடுத்தார். நாலு அடி அடிப்பதற்குள் சிவப்பு. டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆட்டி, மூன்றாவது விநாடியில் அவரை நிறுத்தினார்.

"ரெண்டும் ஒரே எடத்துல செஞ்ச சரக்கா இருக்கும்," என்றார் மெக்கானிக்.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த கம்பியை இன்னொரு தடவை முறுக்கினார்.

புதன்கிழமை கம்பெனியில் வருடாந்தரக் காது பரிசோதனை. மெக்கானிக்குக் கவலையே இல்லை. பதினோரு வருஷமாக அதில் தேறிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் ஒரே நர்ஸம்மாதான் பார்ப்பார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வெளியே இருந்து ஒரு பட்டனை அழுத்துவார். உள்ளே மெல்லிசாகக் கூவும். கூவினால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

இந்த வருஷம் நர்ஸம்மா ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் நாற்காலியில் ஒரு இளம்பெண், முன்னால் கம்ப்யூட்டர். கண்ணாடி அறை மட்டும் பழசு. மெக்கானிக் உள்ளே போய் உட்கார்ந்தார். முதலில் சில கூவல்கள் நன்றாகவே கேட்டன, கை தூக்கினார். பிறகு சத்தம் சன்னமாகிக்கொண்டே போயிற்று. அவரும் விடாமல் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.

"சார், கேட்டா மட்டும் கையத் தூக்குங்க."

"கேட்டுத்தானேம்மா தூக்குறேன்."

"நான் மெஷின நிறுத்தி ஒரு நிமிஷம் ஆச்சு சார். அதுக்கப்புறமும் பன்னெண்டு தடவ தூக்கிட்டீங்க."

மெக்கானிக் தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிடந்தது.

பிறகு அவள் விளக்கினாள். பழைய பரிசோதனையில் பட்டனை மனுஷர் அழுத்துவார்கள். பழக்கப்பட்ட விரல், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் அழுத்தும். இந்த மெஷின் அப்படி இல்லை. நினைத்த நேரத்தில் கூவும், நினைத்தால் சும்மா இருக்கும். ஆள் ஏமாற்றினால் தெரிந்துவிடும்.

ஏமாற்றுகிறோம் என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. நர்ஸம்மாவின் விரல் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, கை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, கை. தாளம் பழகியவனுக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்த அடி அவருக்குக் கேட்ட அடியாகவே இருந்திருக்கிறது. பதினோரு வருஷம் எண்ணிக்கையைத்தான் அவர் காது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு தாளை நீட்டினாள். அதில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராக வந்து, மாடிப்படியில் கால் தவறியவன் போலக் கீழே இறங்கியிருந்தது. மேல்ஸ்தாயிச் சத்தங்கள் பெரும்பாலும் போய்விட்டன. போனது வராது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், சத்தமுள்ள எந்த இடத்திலும் காதை அடைத்துக்கொள்ளாமல் நிற்கக் கூடாது. காதுக்குள் திணித்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் நுரை அடைப்பான் ஒரு ஜோடி கொடுத்தாள். வேலைக்கு ஆபத்தில்லை, இனி எந்திர அறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்று மட்டும் எழுதினாள்.

வீட்டில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி டிவி சத்தத்தைக் குறைத்தபோது, வழக்கமாக வரும் சண்டைக்கு அன்றைக்கு அவர் போகவில்லை. அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை அவர் மன்றத்துக்குள் நுழைந்தபோது மூன்று பேரும் முன்னமே வந்திருந்தார்கள். ட்ரம்ஸுக்குப் பின்னால் அவருடைய ஸ்டூலின்மேல் ஒரு புத்தம்புது தாளப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பட்டனைத் தட்டினால் தானே வாசிக்கும். சத்தத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். மாமியாருக்கு ஏற்ற மருமகள்.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. விழா வரைக்கும் மட்டும்தான். இன்னொரு தடவ கரண்ட் போச்சுன்னா எல்லாருக்கும் சேத்துப் போயிடும்."

மெக்கானிக் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, அலுங்காமல் தரையில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினார். அது கை மாறி மாறிப் போயிற்று. டீச்சர் மட்டும் கோட்டை ஒழுங்காகப் படித்தார். கணக்கு டீச்சர் அல்லவா.

"உங்களுக்கெல்லாம் எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார் மெக்கானிக்.

டீச்சர் தாளை நாலாக மடிக்க ஆரம்பித்தார்.

"மச்சான், உன்னத்தான் கேக்குறேன்."

"மூணு வருஷமா அத்தான்," என்றார் டிரைவர். "நீங்க கொஞ்சம் கொஞ்சமா ஓங்கி அடிக்க ஆரம்பிச்சீங்க. எங்க சத்தம் எங்களுக்கே கேக்கல. நாங்களும் கூட்டிக்கிட்டோம். நீங்க இன்னும் ஓங்குனீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"அக்கா ஒரு தடவ சொன்னாங்களே. எட்டு நாள் நீங்க அவங்ககூடப் பேசலயே."

அது உண்மைதான். மெக்கானிக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. மூன்று வருஷமாக மூன்று பேர் தன்னைக் கைக்குழந்தையைப் போல் தாங்கியிருக்கிறார்கள், அவரோ உச்சத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடி அடித்திருக்கிறார். எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. குச்சிகளைப் பையில்கூடப் போட்டுவிட்டார். பையின் அடியில் என்றோ வாங்கி ஒரு நாளும் பயன்படுத்தாத பிரஷ் இரண்டு கிடந்தன. மெல்லிய கம்பிகளைக் கத்தையாகக் கட்டிய பிரஷ். அதனால் ட்ரம்ஸை அடிக்க முடியாது, வருடத்தான் முடியும். அதையெல்லாம் நோஞ்சான்கள் வைத்துக்கொள்வார்கள் என்று பேசியவர்தான் அவர்.

பிரஷை எடுத்தார். டிரைவரின் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கிப் பெரிய ட்ரம்முக்குள் திணித்தார். ஆரஞ்சு அடைப்பானை உருட்டி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். ஸ்டூலை ஒரு அடி நகர்த்தினார். இப்போது ஒரு கண்ணுக்குச் சுவரில் இருந்த விளக்கும், மறு கண்ணுக்கு டிரைவரின் வலது காலும் தெரிந்தன. பஸ் ஓட்டுகிற கால். பாட்டு ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை மிதிப்பது மாதிரி தாளம் தப்பாமல் மிதித்துக்கொண்டே இருக்கும்.

டீச்சர் குனிந்து அவர் காதருகில் உரக்கக் கேட்டார். "இப்படி வாசிச்சா உங்களுக்கு எதுவுமே கேக்காதே சார்?"

"பதினோரு வருஷம் கேக்காமலேயே பாஸாயிருக்கேன் டீச்சர். நீங்க ஆரம்பிங்க."

முதல் பாட்டு பச்சையிலேயே முடிந்தது. இரண்டாவதில் அவர் கை பழக்கதோஷத்தில் ஓங்கியது, சிவப்பு எட்டிப் பார்த்தது. டிரைவர் காலை நிறுத்தினார், அவரும் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்கள். ஐந்தரை மணிக்குத் தாளப் பெட்டி அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. ஆனாலும் மருந்துக்கடைக்காரர் விழா நாளன்று அதைக் காரில் கொண்டுவந்திருந்தார். முன்ஜாக்கிரதை அவர் தொழிலின் குணம்.

விழாவில் கூட்டம் வழக்கம்போல முக்கால்வாசி. முன்வரிசையில் மேலாளர் சாவியோடு உட்கார்ந்திருந்தார். அதற்கு இரண்டு வரிசை தள்ளி மெக்கானிக்கின் மனைவி. ஆறு பாட்டிலும் மெக்கானிக் கண்ணை மூடவில்லை. விளக்கைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எண்ணினார். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வறட்டு வாசிப்பு அவர் வாசித்ததில்லை. காதுக்குள் எங்கோ கிணற்றின் ஆழத்தில் யாரோ நடமாடுகிற மாதிரி ஏதோ இருந்தது, அவ்வளவுதான். ஐந்தாவது பாட்டில் மஞ்சள் வந்து நின்றது. மணிக்கட்டைத் தளர்த்தினார். பச்சை திரும்பியது.

கடைசிப் பாட்டின் நடுவில் கிடார்கள் இரண்டும் நின்றன. டிரைவரின் காலும் நின்றுவிட்டது. மருந்துக்கடைக்காரர் மட்டும் ஏதோ ஒரு வரியை இழுத்துக்கொண்டிருந்தார், வாய் அசைவது தெரிந்தது. எவ்வளவு நேரம் இழுப்பார் என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக் பிரஷை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இன்னும் ஒரு நாலு. இன்னும் ஒன்று. கால் அசைந்த அதே கணத்தில் பிரஷும் இறங்கியது. கூட்டம் கைதட்டியதை அவர் கண்ணால் பார்த்தார்.

மேலாளர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். மெக்கானிக் ட்ரம்முக்குள்ளிருந்து துண்டை உருவிக்கொண்டிருந்தபோது மனைவி மேடைக்கு ஏறி வந்தாள். அவர் அடைப்பானை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"என்னங்க, இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் மருந்துக்கட அண்ணன் பாடுற வார்த்த எனக்குப் புரிஞ்சுது. கடசியில ஒரு வரிய மெதுவா இழுத்தாரே, மன்றமே கப்சிப்புனு ஆயிடுச்சு. கேட்டீங்களா?"

அவள் வாயைப் பார்த்தே கேள்வி புரிந்துவிட்டது. எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அது அவருக்குக் கைவந்த கலை. துண்டை மடித்து ஸ்டூலின்மேல் வைத்தார்.

"இல்ல," என்றார். "கேக்கல."

அவள் ட்ரம்ஸைச் சுற்றி அவர் பக்கத்தில் வந்து, காதோடு வாயை வைத்து அந்த வரியைச் சொன்னாள். அவளுக்குப் பாட வராது, அதனால் பேசுகிற மாதிரியே சொன்னாள். அவருக்கு எட்டவில்லை என்று கண்டு, குரலை உயர்த்தி மறுபடி சொன்னாள். நாற்காலி மடக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தரமும் சொன்னாள். இந்தத் தடவை முழுவதும் கேட்ட பிறகுதான் அவர் தலையாட்டினார்.