என் பெயரில் ஊர்க்காசு

இன்னும் ஒன்பது மாதம். ஒழுங்காக இருந்தால் நாற்பத்து மூவாயிரம் யூரோ கடனிலிருந்து சட்டப்படி எனக்கு விடுதலை. கணவர் ஜேர்மனியில், கொலோன் நகரில் நடத்திய கடை நொடித்து, அவரும் கண்ணை மூடிய பிறகு என் தலையில் விழுந்த கடன் அது. நீதிமன்றம் நியமித்த வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு யூரோவை மறைத்தாலும் விடுதலை கிடையாது."

வயோதிபர் இல்லத்தில் திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். சம்பளம் போட வெள்ளிக்கிழமைக்குள் என் பெயரில் ஒரு கணக்கு இலக்கம் கேட்டார்கள். வேலையில்லாவிட்டால் வக்கீலும் என்னைச் சும்மா விடமாட்டார். என் பழைய கணக்கையோ வங்கிக்காரர் எப்போதோ மூடிவிட்டார்கள். கடனில் மூழ்கியவர்களுக்கும் மறுக்கக்கூடாத கணக்கு ஒன்று இந்த நாட்டில் உண்டு, பாசிஸ்கொன்ரோ என்பார்கள். அதற்கான படிவத்தை நிரப்பி, ஊரிலிருக்கும் தம்பிக்கும் போனில் சொல்லிவிட்டு, வெள்ளி காலையில் வேறொரு வங்கியில் போய் உட்கார்ந்தேன்.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறதே. ஒன்பதாயிரத்து அறுநூறு யூரோ."

மாதாவே, ஊர்க்கணக்கு.

மன்னாரில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட ஐந்து வருடமாகச் சேர்த்த காசு அது. எங்கள் ஊர்ச் சங்கத்தைப் பதிவு செய்ய இங்கே யாருக்குப் பொறுமை இருக்கிறது? "ஜசிந்தாவின்ர பேரில கிடக்கட்டும்" என்று ஒரு நாள் பூசை முடிந்த கையோடு முடிவெடுத்தார்கள். நான் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்; எந்த வங்கி என்பதுகூட மறந்துபோயிருந்தது. வங்கி அட்டையும் கடிதங்களும் சங்கத் தலைவர் தவராசா அண்ணையிடம். அதை என் காசு என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதனால்தான் வக்கீலின் படிவத்தில் எழுதவுமில்லை.

"கணக்கு உள்ளவருக்குப் பாசிஸ்கொன்ரோ தர முடியாது," என்றாள் அந்தப் பெண். "இது உங்களுடையதுதானே?"

பத்து நிமிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, ஊர்க்கணக்கு பிடிபட்டுப் போச்சு."

"வாயைத் திறவாதேங்கோ தங்கச்சி. இப்ப வீட்ட போங்கோ. நான் காசை மெசினில கொஞ்சம் கொஞ்சமா எடுத்துவிடுறன்."

"எடுத்தா நான் ஒளிச்சதாத்தானே முடியும்?"

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"உள்ள இருக்கிற பொம்பிளைக்குத் தெரியும்."

"அது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர காசு. உங்கட கடன்காரருக்குத் தூக்கிக் குடுக்க ஏலாது."

வாயைத் திறக்காதே என்று சொல்ல இவருக்கு என்ன, விடியப் போவது என் தலையில் அல்லவா? பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை என்பது இன்னும் எரிச்சல். ஞாயிறுதோறும் பூசையில் தகரப்பேணியோடு, சனம் இருக்கும் வாங்கு வாங்காகப் போய் அந்தக் காசைச் சேர்த்தவளே நான்தான்.

"நீங்க ஒரு சதமும் எடுக்காதேங்கோ," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உள்ளே போய், "என் பெயரில் உள்ள கணக்குத்தான்," என்றேன். அந்த மேசையிலேயே இருந்து வக்கீலை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"சங்கத்தின் பணம் என்பதற்குக் கடதாசி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

எங்கே இருக்கும்? ஒரு துண்டு எழுதி வைப்போம் என்று அன்று யாரோ சொன்னதற்கு, "ஜசிந்தாவிட்டையோ கடதாசி கேக்கிறது?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"அப்படியானால் பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும்," என்றார் வக்கீல். "நீங்களாகவே சொன்னது நல்லது. உங்கள் விடுதலைக்குத் தடை வராது என்று நினைக்கிறேன்."

ஊர்க்கணக்கை முடக்கினார்கள். அது முடங்கியதால் புதியது தரலாம் என்று அந்தப் பெண் ஓர் இலக்கத்தை அச்சடித்துத் தந்தாள். அதை அப்படியே படம் பிடித்து வயோதிபர் இல்லத்துக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை ஆறு மணிக்கு வாருங்கள் என்று உடனே பதில் வந்தது.

பிறகு பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று அண்ணைக்கு அடித்தேன்.

"சொல்லிப்போட்டன் அண்ணை. காசு போச்சு. எல்லாருமாத் திரும்பச் சேர்ப்பம். கூரை வேலை இன்னும் துவங்கேல்லைத்தானே?"

"போன மாதமே முடிஞ்சுது," என்றார். "ஓடு, மரம் எல்லாம் கடனுக்கு. இந்தக் கிழமை காசு வரும் எண்ட என்ர சொல்லை நம்பி, ஊரில ஒருத்தன் வீட்டு வளவை ஈடு வைச்சு எடுத்துக் குடுத்தவன்."

"ஆர் அண்ணை?"

"உங்கட தம்பி அல்பேர்ட்."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன். அக்கா கடனில நொந்துபோய் இருக்கிறா, இதையும் போட்டு யோசிப்பா எண்டவன்."

பேருந்து வந்து நின்றது. நான் ஏறவில்லை. தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியாமலே அவனுடைய இலக்கத்தை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "அக்கா, கணக்குத் திறந்தாச்சோ?" என்று சந்தோசமாகக் கேட்டான்.