சர்க்கார் செலவில் மேளம்

அந்தப் பாட்டைக் கட்டியவள் நான்தான். யார் மேலும் பழி போட எனக்கு வாயில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷம், வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் பிடிக்கும் சுப்பராயன் ஒரு புடவையைக் கொடுத்து, "ஷோக்கா ஒரு பாட்டு கட்டு ராஜாத்தி" என்றான். 'கப்பலேறிப் போறானே எங்க ராசா, கைநெறையக் கொண்டாருவான் எங்க ராசா' என்று கல்மண்டபத்தில் கல்யாண மேளத்தோடு பாடினேன். ராயபுரமே முணுமுணுத்தது. கேட்டு மயங்கி வரிசையில் நின்றவர்களில் என் தம்பி சின்னப்பையனும் ஒருத்தன்.

கடல் தாண்டி அரபு தேசத்து பஸ்ராவில் பட்டாளத்துக்கு மூட்டை தூக்கப் போனவன் பேதியில் செத்தான் என்று ஒரு காகிதம் வந்தது. உடல் வரவில்லை. பிணம் இல்லாத வீட்டுக்கு மேளம் ஏது, ஒப்பாரி ஏது?

மறு வருஷம் சுப்பராயன் வெட்கமில்லாமல் வந்து நின்றான்.

"அதே பாட்ட பாடு. தொர வந்துகினு கீறாரு."

"என் தம்பி செத்துட்டான்யா."

"அதுக்கு இன்னா பண்றது? சண்டன்னா நாலு பேரு சாவத்தான் செய்வான்."

காறித் துப்பியிருப்பேன். ஆனால் கடைசித் தம்பி கிருஷ்ணப்பனும் கைநாட்டு வைக்கக் கிளம்பியிருந்தான். "அண்ணன எங்க பொதைச்சாங்கன்னு பாத்துனு வரேங்கா" என்றான். அழுதும் பார்த்தேன், அடித்தும் பார்த்தேன், கேட்கவில்லை. அதனால் பாடுகிறேன் என்று சுப்பராயனிடம் சொன்னேன்.

மேளக்காரர்கள் எங்கள் தெருக்காரர்கள். சாவு மேளம் அடிக்கச் சொன்னேன். மூத்தவர் பதறினார்.

"உசுரோட கீறவன் முன்னாடி அத அடிக்கக் கூடாதும்மா."

"செத்தப்புறம் அடிக்க முடியாது நைனா. பொணமே வராது."

அவர் மேளத்தைத் தோளில் மாட்டினார்.

ஆள் எடுக்க வந்த வெள்ளைக்காரத் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். சாவு மேளம் எழுந்தது. அதே பாட்டை, ஒரு எழுத்து மாற்றாமல், மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியாக இழுத்தேன். துரை காலால் தாளம் போட்டார். சுப்பராயனுக்கு முகம் வெளுத்தது. சர்க்கார் காசில் மேளத்தை ஏற்பாடு செய்தவனே அவன்தான், துரையிடம் என்ன சொல்வான்?

சாவுக்குப் போனவன் தலைக்கு ஊற்றாமல் வீடு நுழையமாட்டான், அது எங்கள் தெருவின் கட்டு. முதலில் நின்றவன் தலைத்துண்டை அவிழ்த்தான். நேராகக் குழாயடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான். பின்னாலேயே இன்னொருவன் போனான். அப்புறம் வரிசையே குழாயடிக்கு நகர்ந்தது.

கிருஷ்ணப்பன் மட்டும் மேஜை முன்னால் நின்றான். கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்று பாடினேன். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றவன், கடைசியில் தேம்பியபடி குழாயடிக்குப் போனான். விரலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

பாட்டு பிரமாதம், ஆட்கள் ஏன் குளிக்கிறார்கள் என்று துரை கேட்டாராம். "வெய்யிலு தொர" என்றான் சுப்பராயன்.

நான் நிறுத்தவில்லை. என் சின்னப்பையனுக்கு அன்றைக்குத்தான் மேளம் அடித்தது, அதுவும் அவனைக் கொன்ற சர்க்காரின் செலவில்.