நவம்பரில் படுக்கும் மரம்

வேலியில் எவனோ எழுதிவிட்டுப் போனதை சுஹைலா பெயின்ட் அடித்து மறைத்திருந்தாள். ஆனாலும் வெயில் சாய்ந்து விழும்போது 'உங்க ஊருக்கே போங்க' என்பது அடியிலிருந்து தெரிந்தது.

அசுந்தா மண்வெட்டியோடு அந்த வேலியருகே நின்றாள். பனிக்காலம் தாண்டட்டும் என்று தன் அத்திமரத்தைப் போன சனிக்கிழமையே மண்ணுக்குள் படுக்க வைத்துப் புதைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு சுஹைலாவின் மரம் மட்டும் இலை உதிர்ந்து நின்றது. நான்கு வருடத்துக்கு முன் அசுந்தா கொடுத்த கிளை, இப்போது ஆள் உயரம். கனடாவின் ஹாமில்டன் குளிரில் நின்றபடி அது பிழைக்காது.

"ஏம்மா, இதை எப்பப் படுக்க வைக்கப் போறே?"

"விடுங்கக்கா. மாசக் கடைசியில வீடு மாறுறோம். அடுத்து வர்றவங்க பார்த்துக்கட்டும்."

"அவங்களுக்கு அத்தியைத் தெரியுமா? விறகுன்னு வெட்டிடுவாங்க."

சுஹைலா சிரிக்கவில்லை. "பசங்க தினமும் இந்த வேலியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போறாங்க."

அசுந்தா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். ஐம்பத்தைந்து வருடமாக அவள் யாரிடமும் சொல்லாத கதை ஒன்று இருந்தது.

"எனக்கு எட்டு வயசு. எங்கப்பா கொல்லையில ஆள் நீளத்துக்குக் குழி வெட்டி, மரத்துக்குக் கோணி சுத்தி உள்ள படுக்க வெச்சார். எதிர்வீட்டு டோகர்ட்டியம்மா ஜன்னல்ல பார்த்துட்டு போலீசைக் கூப்பிட்டுட்டா. இத்தாலிக்காரன் பொணத்தைப் புதைக்கிறான்னு."

"அய்யோ!" சுஹைலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு போலீஸ்காரங்க தோண்டினாங்க. கோணியைப் பிரிச்சா கிளை. அப்பா தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார். தெருவே வேடிக்கை பார்த்துச்சு." அசுந்தா மண்வெட்டியின் பிடியைத் தடவினாள். "மறுநாள் பள்ளிக்கூடத்துல போலீஸ் வந்தது உங்க வீடான்னு கேட்டாங்க. அது எங்க வீடு இல்லைன்னுட்டேன்."

சுஹைலா வேலியருகே நெருங்கி வந்தாள்.

"ஆகஸ்ட்ல முதல் பழத்தை அப்பா எனக்குத் தரலை. தட்டுல வெச்சு டோகர்ட்டியம்மாவுக்குக் கொண்டுபோனார். அடுத்த நவம்பர்ல கயித்தோட மறுமுனையைப் பிடிச்சது அவதான். 'இந்த வருஷப் பொணம் கனக்குதே நுன்சியோ'ன்னு அப்பாவைப் பேர் சொல்லிக் கிண்டல் பண்ணுவா. அப்பா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பார்."

அந்தச் சிரிப்பு அசுந்தாவுக்கு இன்னும் கேட்டது. வெயிலின் சூடு ஆறாத பழத்தை அவர் இரண்டாகப் பிளந்து நீட்டும் கையும் தெரிந்தது.

"அப்ப நானும் தட்டைத் தூக்கிட்டு வீடு வீடாப் போகணுமா?" சுஹைலாவின் குரலில் காரம் இருந்தது.

"நீ ஏன் போகணும்? போக வேண்டியவ நான். வெள்ளிக்கிழமை நூலகத்துல அவங்கவங்க குடும்பம் இங்க வந்த கதையைச் சொல்றாங்கல்ல, இதைச் சொல்லப் போறேன். தெருக்காரங்கல்லாம் வருவாங்க. அது எங்க வீடுதான்னு சொல்லணும்."

சுஹைலா மரத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய போர்வை ஒன்றை எடுத்து வந்தாள்.

ஒரு பக்க வேர்களை வெட்டி, மறுபக்கம் ஆள் நீளத்துக்குக் குழி தோண்டினார்கள். கிளைகளைச் சேர்த்துக் கட்டிப் போர்வையைச் சுற்றினார்கள். மரம் முனகிக்கொண்டே குழிக்குள் சாய்ந்தது. பலகை வைத்து மண் தள்ளும்போது எதிர்வீட்டுத் திரை விலகியது.

"அக்கா, போலீசுக்குப் போன் போடப் போறாங்க."

"போடட்டும். தோண்ட நாலு கை கிடைக்கும்."

இப்போது சுஹைலா சிரித்துவிட்டாள்.

"எப்ப வெளிய எடுக்கணும்?"

"ஏப்ரல்ல. நிமிர்த்த ரெண்டு பேர் வேணும். எனக்கு இடுப்பு போச்சு."

சுஹைலா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"வீட்டு ஓனர்கிட்ட ஏப்ரல் வரைக்கும் இருக்கோம்னு சொல்றேன்," என்றாள். சற்றுக் கழித்துக் கேட்டாள்: "பழம் ஆகஸ்ட்லதானே வரும்?"