மாடிக்குப் போன வயர்

என் மாமியார் மரகதத்துக்கும் எனக்கும் நடந்த சண்டை ஒரு வயரைப் பற்றியது என்றுதான் எங்கள் தெருவில் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும். கம்பெனியிலிருந்து வந்த பிறகு ஸ்ரீதர் கீழ்வீட்டில் உட்காருவதா, மேல்வீட்டில் உட்காருவதா என்பதுதான் சண்டை. அவர் அந்த அம்மாவுக்கு ஒரே பிள்ளை. எனக்கும் இருப்பது ஒரே புருஷன்தான். விட்டுக்கொடுக்கிற எண்ணம் இரண்டு பேருக்குமே கிடையாது.

வீடு ஒரகடத்துக்குப் பக்கத்தில், வல்லம் வடகாலில். கீழே மாமனாரும் மாமியாரும். மொட்டை மாடியில் நாங்கள். நாங்கள் இருப்பதை வீடு என்று சொல்வது என் பெருந்தன்மை. ஏதோ ஒரு கம்பெனி தன் சைட் ஆபீசைப் பிரித்துப் பழைய சாமான்காரனிடம் போட்டபோது, என் மாமனார் பாண்டுரங்கன் அதன் சுவர்களை அப்படியே லாரியில் ஏற்றி வந்து மாடியில் நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் தகரம், நடுவில் நுரை. பேனல் என்பார்கள். இந்தப் பக்கத்தில் பாதி மாடிகளில் இதுதான் நிற்கிறது. செங்கல் வேண்டாம், கொத்தனார் வேண்டாம், வெயிலும் உள்ளே இறங்காது. கூரையும் பேனல், கதவும் பேனல். ஆனால் கதவைச் சாத்தினால் போனில் ஒரு கோடு சிக்னல் இருக்காது. சங்கரன்கோவிலிலிருந்து என் அம்மா கூப்பிட்டால், நான் வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேச வேண்டும்.

எங்களுடையது கம்பெனி பஸ்ஸில் பார்த்துப் பழகிச் செய்துகொண்ட கல்யாணம். அவர்கள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடத்தி வைத்தார்கள். சுகப்பிரியா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது மரகதத்துக்கு இன்றுவரை தெரியாது. "அந்தத் தெக்கத்திக்காரி" என்பார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

இரண்டாயிரத்துப் பதினாலில் கீழே பிராட்பேண்ட் வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனியன். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் சிக்னல் தருகிற பெட்டியை வைத்தார்கள். ஸ்ரீதர் ஷிப்ட் முடிந்து வந்ததும் பையை மேலே போடுவார், "தோ வந்துர்றேன்" என்று போனோடு கீழே இறங்குவார். அங்கேயே சாப்பாடும் ஆகிவிடும். நான் மேலே குழம்பு வைத்துவிட்டுக் காத்துக் கிடப்பேன். திரும்பி வரும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து படுத்துவிடுவார். குழம்பு மறுநாள் எனக்குத்தான்.

நீயும் கீழே போய் உட்கார வேண்டியதுதானே என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. போனேனே. நான் உட்காரப் போன நாற்காலியை மரகதம் மடித்துச் சுவரில் சாய்த்தார். "கூட்டணும்" என்றார். மறுநாள் போனேன். பாயைச் சுருட்டினார். "தொடைக்கணும்" என்றார். அதற்குப் பிறகும் போனால் எனக்கு ரோஷம் இல்லை என்று அர்த்தம். நான் போகவில்லை.

நச்சரித்து நச்சரித்து ஸ்ரீதரை ஒரு குட்டிப் பெட்டி வாங்க வைத்தேன். சுவர் பிளக்கில் செருகினால் போதும், கீழேயிருந்து வருகிற சிக்னலை வாங்கி இன்னும் கொஞ்ச தூரம் தள்ளும் என்று படப்பையில் ஒரு கடைக்காரன் சொன்னானாம். கதவுக்கு வெளியே செருகினோம். வெளியே பிரமாதமாக வந்தது. கதவைச் சாத்தினோம், போயே போச்சு. சரி என்று உள்ளே செருகினால், அந்தப் பெட்டிக்கே சிக்னல் எட்டாமல் சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டு கிடந்தது. "வுடு, நான் கீழயே பாத்துக்கறேன்" என்றார் ஸ்ரீதர்.

கடைசியில் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். ஒரகடத்தில் கேமரா மாட்டுவது, நெட் வயர் இழுப்பது எல்லாம் அவர்தான். வந்தவர் எங்கள் சுவரை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது இன்னாம்மா, வூடா ஃப்ரிட்ஜா? சுத்தியும் தகரம் கீது. வெளிய நீங்க எந்தப் பெட்டிய வெச்சாலும் உள்ள வராது. கீழ கீற பெட்டிலருந்து வயர் இழுத்துக்கினு வந்து, உள்ளயே இன்னொரு பெட்டி மாட்டணும். வயருக்குத் தகரம்லாம் ஒரு கணக்கே இல்ல."

வயர் கீழே ஹாலில் தொடங்க வேண்டும். ஹாலில் நடப்பது மரகதத்தின் ஆட்சி.

"ஆடி மாசத்துல செவுத்துல ஓட்டை போட்டா வூட்டுக்கு ஆவாது" என்றார் முதலில். சரி, ஆடி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆவணி பிறந்த மறுநாளே போய் நின்றேன். சாமி படத்துக்கு மேலே வயர் போகக் கூடாது என்றார். வேறு பக்கம் காட்டினேன். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் போனால் வயரைப் பிடித்துக்கொண்டு எலி வருமாம்.

"எலி நெட் பாக்கவா அத்தை வருது?" என்றேன்.

மரகதம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "கீழ உக்காந்தா அவனுக்கு இன்னா கொறஞ்சிபூட்ச்சி? புள்ள கொஞ்ச நேரம் பெத்தவகிட்ட இருந்தா உனுக்கு எரியுது. அதானே?"

"ஆமா அத்தை, எரியத்தான் செய்யுது. கெட்டிக்கிட்டு வந்தவளுக்கு எரியாம பக்கத்து வீட்டுக்காரிக்கா எரியும்?"

இத்தனைக்கும் ஸ்ரீதர் அங்கேயேதான் இருந்தார். போனில் கோட்டை கட்டுகிற விளையாட்டு ஒன்று விளையாடுவார். எவனோ அவருடைய கோட்டையை இடித்துக்கொண்டிருந்தான், அதனால் தலையைத் தூக்கவில்லை. மாமனார்தான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "போட்டுத் தொலைங்க. ஒரு நியூஸ் பாக்க முடில உங்க ரெண்டு பேரால" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மறுநாளே தணிகாசலத்தை வரவழைத்தேன். கீழ்ப்பெட்டியின் பின்னாலிருந்து மஞ்சள் வயர் ஒன்று கிளம்பியது. கதவு நிலைக்கு மேலே போய், வெளியே இறங்கி, தண்ணீர்க் குழாயோடு சேர்ந்து மாடிக்கு ஏறி, பேனலில் துளை போட்டு உள்ளே நுழைந்தது. எங்கள் கட்டிலுக்கு மேலே வெள்ளையாக ஒரு பெட்டி. இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்தார். "கீழ இருந்தா கீழ்ப்பெட்டி, மேல வந்தா மேல்பெட்டி. போன் தானா மாத்திக்கும்" என்றார்.

மரகதம் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். "ஏம்பா, இத்தினி வயர் கீதே. இதுல மேல போறது எது?" என்று பதமாகக் கேட்டார்.

"தோ, இந்த மஞ்சக் கலரும்மா. இத்த மட்டும் புடுங்கிடாதீங்க."

"நான் ஏம்பா புடுங்கறேன்" என்றார் மரகதம். எனக்குக்கூட ஒரு டம்ளர் காபி வந்தது. மனுஷிக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க ஸ்ரீதர் மாடியில்தான் இருந்தார். நான் நெத்திலி வறுத்தேன், முட்டைக் குழம்பு வைத்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து, கீழே கேட்கட்டும் என்று காரணமில்லாமல் சத்தமாகச் சிரித்தேன். கீழே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் தாலி கட்டின அன்றைக்குக்கூட வந்ததில்லை. அவர் கட்டிலில் சாய்ந்து கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் வேலை பார்க்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஒரு லாட் சரக்கு முழுவதையும் ரிஜெக்ட் செய்துவிட்டுப் பழியை என் தலையில் போட்டதைச் சொன்னேன். "ம்" என்றார். அழுகை வருகிற மாதிரி இருந்தது என்றேன். அதற்கும் "ம்". இருக்கட்டும், அந்த "ம்" என் கூரைக்குக் கீழே கிடைத்த "ம்" என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஆரம்பித்தது கோளாறு. பகலெல்லாம் நன்றாக இருக்கும். ஸ்ரீதர் வருகிற நேரத்துக்கு நெட் செத்துவிடும். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும், ஆனால் ஒன்றும் திறக்காது. "மேல வர்ல" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிவிடுவார். கீழேயிருந்து தோசை வாசனை வரும்.

தணிகாசலத்தைப் போனில் பிடித்துக் கண்டபடி ஏசினேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கோடு காட்டுதுன்னா மேல் பெட்டி நல்லாகீதும்மா. வயர்ல நெட் ஏறல. கீழ்ப்பக்கம் சொருகி கீதான்னு பாருங்க" என்றார்.

எனக்கு வார விடுமுறை நாள் வந்தது. தெருமுனையில் ஸ்ரீதருடைய கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கிக் கீழ்வீட்டு வாசலுக்கு வந்தேன். ஹாலில் மரகதம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெட்டியின் பின்னால் கைவிட்டு, மஞ்சள் வயரின் முனையை அழுத்தி உருவினார். உருவிவிட்டு, செருகின மாதிரியே தெரிய வேண்டும் என்று பெட்டித் துளையின் வாயில் சும்மா ஒட்ட வைத்தார். ஒட்ட வைத்துவிட்டு முந்தானையால் பெட்டியைத் துடைத்தார். என்ன ஒரு சுத்தம்.

நான் நேரே போய் அதை அழுத்திச் செருகினேன். டக்கென்று சத்தம் கேட்டது.

"யார் வூட்ல வந்து யார் பெட்டில கை வெக்கற?" மரகதம் மறுபடி உருவினார்.

"நான் மருமகளா, வாடகைக்கு வந்தவளா? அதைச் சொல்லிட்டுப் புடுங்குங்க." நான் வயரைப் பிடித்தேன்.

"வந்து ஒரு வருசம்கூட ஆவல. மாடில ஏத்திவெச்சி என் புள்ளய என் கண்ணுலயே காட்டாம பண்ணிட்ட நீ."

"புள்ளய மடியிலயே வச்சிக்கிடணும்னா எதுக்குக் கல்யாணம் பண்ணி வச்சீக?"

"நானா பண்ணி வெச்சேன்? நீதானே பஸ்ல புட்ச்ச."

அதைக் கேட்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. இழுத்தேன். அவரும் இழுத்தார். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெட்டி மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது.

அப்போது ஸ்ரீதர் வாசலில் நின்றார். தோளில் பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று காத்திருந்தேன். என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை. மரகதமும் மூச்சு வாங்கிக்கொண்டு அதற்குத்தான் காத்திருந்தார். ஸ்ரீதர் எங்கள் கைகளிலிருந்து வயரை வாங்கினார். அதன் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், உடையவில்லை. செருகினார். பெட்டியைப் பின்னால் தள்ளி வைத்தார். போனை எடுத்துப் பார்த்தார்.

"வந்துட்ச்சி" என்றார். வெளியே போனார்.

மேலே போகிறார் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் எங்கள் தகரக் கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தோம். வீட்டுப் பக்கவாட்டில் ஏறுகிற மாடிப்படியில், பாதியில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பையைக்கூட இறக்கவில்லை.

"தோச ஊத்தறேன், வாடா" என்றார் மரகதம்.

"அப்பறம்மா."

"மேல வாங்க, கொழம்பு சூடா இருக்கு" என்றேன் நான்.

"ம்."

கொஞ்ச நேரம் நின்றோம். அவர் அதற்குள் எங்களை மறந்துவிட்டார், கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மரகதம் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நானும் பின்னால் போனேன். வலிக்கிற மாதிரி எதையாவது சொல்லிவிட்டுத்தான் மேலே போவது என்று இருந்தேன்.

"தெனமும் தோசையா ஊத்திப் போடுதீகளே. உங்ககிட்ட அவுக ஒரு வார்த்தை பேசுவாகளா?"

மரகதம் கையை விரித்துப் பார்த்தார். வயர் இழுத்ததில் உள்ளங்கை சிவந்திருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போனப் பாத்துக்கினே துன்னுவான். தட்டுல இன்னா கீதுன்னுகூட தெரியாது" என்றார். "பேசறதெல்லாம் மேல வந்து உங்கிட்ட பேசறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"அவுக உங்ககிட்ட பேசி முடிச்சிட்டுத்தான் மேல வாறாகன்னு நான் நெனச்சேன்" என்றேன்.

அதற்குமேல் திட்டுவதற்கு இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. நான் வெளியே வந்து படியேறினேன். நான் தாண்டிப் போவதற்கு வசதியாக ஸ்ரீதர் காலை மடக்கிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.