காலையில் தண்ணி அடிக்கும்போது பார்த்தது

1

இந்தக் கதை எனக்கு வந்து சேர்ந்தபோது என் வாய் அகலத் திறந்திருந்தது. வியப்பில் அல்ல. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை, நான்கு அமர்வுகள். மூன்றாவதில் பல் மருத்துவர் கதையைச் சொன்னார். நான்காவதில் அதை எப்படி முடிக்க வேண்டும் என்றும் சொன்னார். பாதி உதடு மரத்து, எச்சில் உறிஞ்சும் குழாய் நாக்கடியில் களகளக்க, மல்லாந்து கிடப்பவனிடம் மனிதர்கள் எதையும் சொல்வார்கள் போலிருக்கிறது. குறுக்கே பேச மாட்டானே.

(நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் காக்க வேண்டும் என்று விதி உண்டு. மருத்துவரின் ரகசியத்தை நோயாளி காக்க வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. தேடினேன் பாருங்கள், அதிலேயே என் யோக்கியதை தெரிந்துவிடுகிறது.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பச்சைப் பட்டு விரித்தாற்போல் கிடந்த புல்தரையில் வெள்ளைப் பந்தொன்று தன் விதியை எதிர்நோக்கி —'

பந்துக்கு என்ன விதி? அடித்துவிட்டேன். பிறகு: 'மருத்துவர் நல்லவர்தான், ஆனால் —'

அந்த 'ஆனால்' வந்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

கோல்ஃபில் பந்தைத் தூரமாக அடிப்பது தோள்பட்டை வேலை. கடைசியில் குழி இருக்கும் இடத்தைச் சுற்றிப் புல்லை ஒட்ட மழித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் கிரீன். அங்கே குட்டை மட்டையால் பந்தை உருட்டிக் குழியில் சேர்க்க வேண்டும். தரை பார்க்கத் தட்டையாக இருக்கும், இருக்கவே இருக்காது. ஆட்டக்காரர்கள் பந்துக்குப் பின்னால் குந்திப் பார்ப்பார்கள், குழிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பார்கள், பள்ளத்தில் நின்று பார்ப்பார்கள். புல் வெளுத்து மினுங்கினால் அது நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. கறுத்திருந்தால் நம்மை நோக்கி. பக்கத்தில் மேடு ஒன்று இருந்துவிட்டால் போச்சு. தரை முழுக்க அந்த மேட்டிலிருந்தே சரிவதாகக் கண் சாதிக்கும்.

எட்டு வருடம் ஆடியும் மருத்துவருக்கு இது பிடிபடவில்லை. பல்லில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண், புல்லில் தோற்றுப்போனது.

தரையைக் கரைத்துக் குடித்தவர் வேறொருவர். மருத்துவரின் மனைவிக்கு அண்ணன். அதே மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை. விடிந்ததும் புல் வெட்டி, குழாய் பிடித்து நீர் பாய்ச்சுவார். வீட்டுக்கு வந்தால் மருத்துவரை "மாப்ள" என்பார். இவர் அவரை "வாங்க மச்சான்" என்பார். மைதானத்தில் அது கிடையாது. யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. மருத்துவர் உறுப்பினரான முதல் நாள், நாலு பெரிய மனிதர்களோடு நடந்து வருவதைப் பார்த்த மச்சான் தானாகவே ஒதுங்கி நின்று, "வணக்கம் சார்" என்றார். மருத்துவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தார்.

"அப்பவே அவர் தோளைத் தொட்டிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றார் மருத்துவர், என் பல்லுக்குள் ஊசிபோல் மெல்லிய கம்பியொன்றை இறக்கியபடி. "அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கஷ்டமாயிட்டே போச்சு."

3

ஜோடிப் போட்டியின் இறுதி ஆட்டம். மருத்துவருக்கு ஜோடி ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். மைதான நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். அன்றைக்குப் பை தூக்க வேண்டிய ஆள் வரவில்லை. (பை தூக்குபவருக்கு அங்கே 'கேடி' என்று பெயர். காவல் நிலையத்தில் படம் மாட்டுகிற கேடி அல்ல. இந்த அடைப்புக்குறிக்குள் சிரித்துக்கொள்ளுங்கள், இனிமேல் இடமில்லை.) அலுவலகத்தில் அவனுக்குப் பதிலாக மச்சானைப் பை தூக்க அனுப்பிவிட்டார்கள்.

கடைசிக் குழி. எட்டடி தூரம். விழுந்தால் கோப்பை. இடப்பக்கம் ஒரு புல்மேடு. தரை வலப்பக்கம் சரிகிறது என்று மருத்துவரின் கண் சொன்னது. அப்படியானால் பந்தை இடப்பக்கமாக விட வேண்டும். மச்சான் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னார்:

"வலப்பக்கம் ரெண்டு பந்து அகலம் தள்ளி விடுங்க சார். மேட்டை நம்பாதீங்க. குழிகிட்ட இடப்பக்கம் இழுக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மருத்துவர் இதைக் கொஞ்சம் உரக்கக் கேட்டார், நாலு பேர் காதில் விழட்டும் என்றே. வீட்டில் 'நீங்க' என்று பேசுகிற ஆளை 'உனக்கு' என்றார்.

"காலையில தண்ணி அடிக்கும்போது பாத்தேன் சார். எல்லாத் தண்ணியும் இடப்பக்கமாத்தான் ஓடுச்சு."

கொடிக்கம்பத்தருகே நின்ற ஒப்பந்தக்காரருக்கு முதல் வாக்கியம் மட்டும் போதுமானதாக இருந்தது. "தண்ணி அடிச்சுட்டுப் பாத்தா எனக்குக்கூடத்தான்யா எல்லாத் தரையும் ஓடும்!"

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். மருத்துவரும் சிரித்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: மச்சான் ஒரு சொட்டுத் தொடாதவர். அவருடைய அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அந்த வாடை வந்தால் அண்ணனும் தங்கையும் எழுந்து போய்விடுவார்கள். இது மருத்துவருக்கு நன்றாகத் தெரியும்.

சிரித்த பிறகு அந்த ஆள் சொன்ன பக்கம் எப்படி அடிப்பது? இடப்பக்கம் அடித்தார். பந்து இன்னும் இடப்பக்கமாக விலகி, குழியை ஒரு முழம் தாண்டிச் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

"யோவ், யாரு உம்மை இடப்பக்கம் விடச் சொன்னது?" என்றார் ஒப்பந்தக்காரர்.

மருத்துவர் தாடையை மட்டும் மச்சான் பக்கம் திருப்பினார்.

4

(இந்தப் பகுதியை மூன்று முறை மென்மையாக எழுதிப் பார்த்தேன். ஒரு வரைவில் மருத்துவருக்கு அன்று காய்ச்சல்கூட வரவழைத்தேன். நீக்கிவிட்டேன்.)

ஒப்பந்தக்காரர் புகார் எழுதினார். 'குடித்துவிட்டுப் பணிக்கு வந்து ஆட்டத்தைக் கெடுத்தார்.' மச்சானை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். செய்தி தங்கைக்கு எட்டியது. அவர் கணவரிடம் கேட்டார், சமையலறையில், கேரட் நறுக்கிக்கொண்டே:

"நீங்க அங்கதானே இருந்தீங்க? எங்கண்ணன் குடிச்சிருந்தாரா?"

'இல்லை' என்றால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் ஏன் சும்மா நின்றீர்கள் என்று. அதனால் மருத்துவர், "சரியாத் தெரியல. வாடை வந்த மாதிரி இருந்துச்சு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்தார். தங்கை அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நீயும் அப்பா மாதிரியே ஆயிட்டியாண்ணே?"

மச்சான் தங்கையைப் பார்க்கவில்லை, மருத்துவரைப் பார்த்தார். கோபமாக இல்லையாம். 'உங்க முறை, நீங்க சொல்லுங்க' என்று காத்திருக்கிற பார்வையாம். மருத்துவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெருந்தன்மையாகச் சொன்னார்:

"விடும்மா. இனிமே குடிக்க மாட்டார்."

மச்சான் அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார்:

"சரிங்க சார்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது ஏதோ ஒரு கல்லூரி வளாகத்தில் செடிகளுக்கு நீர் விடுகிறாராம். தங்கை வீட்டுப் பக்கம் வருவதில்லை. உண்மையை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் தங்கைக்குக் கணவன் மேல் மரியாதை போய்விடும் என்று நினைத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. அவரை நான் பார்த்ததில்லை. இந்தக் கதையில் அவர் பேசும் மொத்தப் பேச்சும் அவரைக் கைவிட்டவர் வாய்வழியாக வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

5

இதைச் சொல்லி முடித்த மருத்துவர் என்னைக் குனிந்து பார்த்து, "நான் பண்ணது பெரிய தப்புல்ல?" என்றார்.

வாயில் குழாயும் பஞ்சுமாக நான் "ஆங்" என்றேன். ஆமாம் என்றுதான் சொன்னேன். அவரோ, பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. அடுத்த வாரம் வாய் சும்மா இருந்தபோதும் நான் திருத்தவில்லை. பல்லுக்கு உறை போட வேண்டியிருந்தது.

அன்றுதான் கேட்டார்: "எழுதுங்க சார். ஆனா முடிவுல, நான் வீட்டுல உண்மையைச் சொல்லிட்டதா எழுதிடுங்க. படிச்சா எனக்கே தைரியம் வரும்."

எழுதிப் பார்த்தேன். 'அன்று மாலை அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு —' முடியவில்லை. நடக்காததை எழுதுவது என் தொழில்தான். இந்த ஒன்றை மட்டும் எழுதினால், அவர் சொல்ல வேண்டியதே இல்லாமல் போய்விடும். இன்னொன்று: மச்சானே வந்து எல்லாவற்றையும் கொட்டுவதாக. அவர் ஒன்றரை வருடமாகக் காத்துவந்த மௌனத்தை ஒரு முடிவுக்காக நான் பறிப்பதா? அதையும் கிழித்தேன்.

6

மருத்துவமனை முன்னறையில் சீட்டு எழுதித் தருவது மருத்துவரின் மனைவி. கடைசி நாள் அவர் என் அட்டையை நிரப்பிக்கொண்டே கேட்டார்:

"என்ன சார் எழுதறீங்க இப்ப?"

"கோல்ஃப் பத்தி ஒரு கதைம்மா."

"எங்கண்ணன் அங்கதான் வேலை பாத்தாரு." பேனா நின்றது. "தங்கமான மனுஷன். குடிச்சுக் கெடுத்துக்கிட்டாரு."

என் உதடு அன்று மரத்திருக்கவில்லை. வாயில் பஞ்சு இல்லை. தெளிவாகப் பேச முடிந்தது.

"அப்படியா," என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் இந்தக் கதையின் முதல் ஐந்து பகுதிகளை எழுதினேன். இன்று காலை தாள்களை எடுத்துப்போய் மருத்துவரின் மனைவியிடம் கொடுத்தேன். "முடிவு இன்னும் இல்லைம்மா," என்றேன். "பரவாயில்ல சார், ஆள் வர்ற வரைக்கும் படிக்கிறேன்," என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. உள்ளே பல் குடையும் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொன்னது தைரியமா, காட்டிக்கொடுத்ததா? யோசித்துச் சொல்லக்கூட அங்கே நிற்கவில்லை. மூன்றாம் பகுதிக்கு அந்த அம்மா தாளைப் புரட்டியபோது நான் வெளியே வந்துவிட்டேன். ஓடினேன் என்றே எழுதலாம்.

முன்னறையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். கருவியின் சத்தம் இப்போது நின்றிருக்கும். மருத்துவர் கதவைத் திறந்து வந்ததும் அந்த அம்மா அவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. நீங்கள் பாருங்கள்.